இரண்டாம் யூனிட்டை மூடுவார்கள் என்று நான் சொன்னேன்

இந்த வருஷம் புதிதாகச் சேர்ந்திருக்கும் தம்பிகளுக்கும் தங்கைகளுக்கும் நாலு பக்கம் எழுதித் தரச் சொல்லி நம் யூனியன் செக்ரட்டரி கேட்டார். "சேஃப்டி பத்தி எழுதுங்கண்ணே, ஒங்க அனுபவத்துல" என்றார். சேஃப்டியை உங்களுக்கு வகுப்பில் படம் போட்டே காட்டிவிடுவார்கள். ஹெல்மெட், ஷூ, கையுறை பற்றி என்னைவிட நன்றாகச் சொல்ல ஆட்கள் இருக்கிறார்கள். தீயை அணைத்த கதை வேண்டுமென்றால் என்னோடு ரிட்டயர் ஆன மற்றவர்களிடம் கேளுங்கள். எல்லோரிடமும் ஒன்று இருக்கிறது, வருஷத்துக்கு வருஷம் தீ கொஞ்சம் பெரிதாகிக்கொண்டும் வருகிறது.

நான் எழுதப் போவது ஒரு வீட்டுக்காரர்களைப் பற்றி. என் வார்த்தையை நம்பி, போயிருக்க வேண்டிய இடத்துக்குப் போகாமல் இருந்துவிட்டவர்கள். சந்தோஷமான விஷயம் இல்லை. முதலிலேயே சொல்லிவிடுகிறேன்.

உங்களில் பாதிப் பேருக்குத் தமிழ் எழுத்துக்கூட்டித்தான் வாசிக்க வரும். என் மகனுக்கும் அப்படித்தான். வாசிக்கத் தெரிந்தவர் மற்றவர்களுக்கு வாசித்துக் காட்டுங்கள்.

நான் எட்டாவதோடு பள்ளிக்கூடத்தை விட்டவன். போதாததற்குப் பயந்தவன். தாராவி லேபர் கேம்ப் வீட்டைப் பூட்டிவிட்டுத் தெருமுனை வரை வந்து, திரும்பப் போய்ப் பூட்டை இழுத்துப் பார்ப்பேன். கேஸ் குமிழை மூன்று தடவை தொட்டுப் பார்ப்பேன். என் வீட்டுக்காரி, "அது குமிழா, கோயில் மணியா? போகும்போதும் வரும்போதும் தொடுதீக" என்பாள். பாம்பே செம்பூரில், எண்ணெய் சுத்திகரிக்கிற நம் கம்பெனிக்கு டேங்க் கழுவுகிற காண்ட்ராக்ட் ஆளாக வந்தபோது எனக்குப் பத்தொன்பது வயது. பிறகு பெர்மனன்ட் ஆகி, ஆபரேட்டராகி, கடைசியில் ஷிப்ட் சார்ஜ்மேன் ஆனேன். படிப்பு இல்லாதவனை அவ்வளவு தூரம் கொண்டுவந்தது அந்தப் பயம்தான். எண்ணெயும் நெருப்பும் ஒன்றாக இருக்கிற இடத்தில் பயந்தவனுக்கு ஒரு மரியாதை உண்டு.

ஆபரேட்டரான முதல் வருஷம் நடந்த ஒன்றைச் சொல்லிவிட்டு மேலே போகிறேன். அது தெரியாவிட்டால் பின்னால் நான் செய்த தப்பு உங்களுக்குப் புரியாது.

ஒரு மத்தியானம். ரெண்டாம் நம்பர் யூனிட் ஹீட்டரின் பார்வைத் துளை வழியாக உள்ளே பார்த்தேன். ஒரு குழாய் மற்றக் குழாய்களைவிடக் கொஞ்சம் கூடுதல் சிவப்பாகத் தெரிந்தது. மீட்டரில் எல்லாம் சரி. ஷிப்ட் இன்சார்ஜ் சாப்பிடப் போயிருந்தார். நான் மூன்று தடவை போய்ப் பார்த்தேன். நாலாவது தடவை பார்க்கத் தைரியம் இல்லாமல் ஸ்டாப் பட்டனை அழுத்திவிட்டேன். யூனிட் நின்றது. நின்றதைத் திரும்ப எழுப்ப ரெண்டு நாள் ஆகும். அன்றைக்கு இருந்த மானேஜர் கத்திக்கொண்டே வந்தார். "யார்ரா நிறுத்தினது?"

என் பக்கத்தில் நின்ற சீனியர் ஆபரேட்டர், திருநெல்வேலிக்காரர், "நான்தான் நிறுத்தச் சொன்னேன் சார்" என்றார். பொய். நான் பட்டனை அழுத்தும்போது அவர் பாத்ரூமில் இருந்தார்.

மறுநாள் அந்தக் குழாயை வெட்டிப் பார்த்தார்கள். உள்பக்கம் அரித்து அப்பளம் மாதிரி இருந்தது. இன்னும் ஒரு ஷிப்ட் தாங்கியிருக்காது. சீனியர் என்னைக் கூப்பிட்டு, "ஏலே, ஓட்டுறதுக்கு யாரு வேணும்னாலும் வருவான். அந்தப் பட்டன ஒனக்குத்தாம்ல வச்சிருக்கு. பயமா இருந்தா அமுக்கிரு, பொறவு பேசிக்கலாம்" என்றார்.

இதை முப்பது வருஷம் வேதம் மாதிரி நம்பினேன். ஓட்டுகிறவன் கையில் நிறுத்துகிற பட்டனும் இருக்கிறது என்று. குழாய் விஷயத்தில் அது இன்றைக்கும் உண்மை. பயமாக இருந்தால் அமுக்குங்கள். ஆனால் அந்தப் பட்டனின் அதிகாரம் எங்கே போய் முடிந்துபோகிறது என்று எனக்கு யாரும் சொல்லவில்லை.

கம்பெனி கை மாறியது. பாதிக்கு மேல் பங்கை வெளிநாட்டுக் கம்பெனி ஒன்று வாங்கியது. எங்களுக்கு வந்த மாற்றம் என்ன? ஐடி கார்டின் நிறம் மாறியது. பாத்ரூமில் சோப்புக்குப் பதிலாகச் சோப்புத் தண்ணீர் வந்தது. காலை மீட்டிங்கில் முதல் வேலையாக, முந்தின ராத்திரி அங்கேயிருந்து வந்த மெயிலை வாசிக்கிற வழக்கம் வந்தது. நாம் தூங்கும்போது அவர்களுக்கு ஆபீஸ். அதனால் முடிவெல்லாம் நாம் தூங்கும்போது எடுத்ததாகவே இருக்கும். என்னோடு வேலை பார்த்த ஷிண்டே அந்தக் கம்பெனிக்கு 'மாமியார்' என்று பெயர் வைத்தான். தினமும் காலையில் டீ கிளாஸோடு வந்து, "க்யா ரே துரை, சாஸ் நே க்யா போலா?" என்பான், மாமியார் என்ன சொன்னாள் என்று. "இன்னைக்கு எண்ணெய் கொஞ்சம் கூட ஊத்தச் சொல்றா" என்பேன். சிரிப்போம். மாமியாரை நாங்கள் ஒருத்தரும் பார்த்ததில்லை.

இப்போது காதர் பாய் வீட்டுக்கு வருகிறேன்.

ரெண்டாம் யூனிட்தான் நம் கம்பெனியில் ரொம்பப் பழையது. தாரும் ஃபர்னஸ் ஆயிலும் அதில்தான் எடுக்கிறோம். அதன் சிம்னிக்கு நேர் பின்னால், காம்பவுண்ட் சுவரை ஒட்டி ஒரு சால் இருக்கிறது, வரிசையாக ஒற்றை ரூம்கள். அங்கே கொடியில் காயப்போட்ட வெள்ளைத் துணியைச் சாயந்திரம் எடுத்தால் பொடிப்பொடியாகக் கரி இருக்கும். உதறினால் போகாது, தேய்த்தால் பரவும். காதர் பாய் அங்கேதான் இருந்தார். கடையநல்லூர்க்காரர், தாராவியில் தோல் பெல்ட் தைக்கிற சின்னப் பட்டறை. பட்டறை எங்கள் கேம்ப்புக்குப் பக்கம் என்பதால் பழக்கம். மனைவி ஆயிஷா. ஒரே மகள் நஸீமா, அப்போது பத்து வயது. அந்தப் பிள்ளைக்கு மூச்சிரைப்பு. ஸ்கூல் பையில் டப்பாவோடு டப்பாவாக மருந்து பம்ப்பும் இருக்கும். குளிர்காலத்தில் புகை மேலே போகாமல் சாலின் மேலேயே படுத்துக் கிடக்கும் பாருங்கள், அப்போது ராத்திரி பகல் இல்லாமல் ஆவி மெஷின் ஓடும்.

ஆயிஷாவின் தம்பிக்குத் தாணேயில் ஒரு ரூம் இருந்தது. அவனுக்கு வேலை செம்பூர்ப் பக்கம், பிள்ளை இல்லை. "லாத்தா, ரூமுக்கு ரூம் மாத்திக்கிடுவோம். நீங்க இங்க வந்துருங்க, நான் அங்க போறேன்" என்று அவனாகவே கேட்டான். ஆயிஷாவுக்கு உடனே கிளம்ப ஆசை. காதர் பாய்க்கு மூட்டுவலி. தாணேயிலிருந்து தாராவிக்குத் தினமும் ரயிலில் தொங்கிக்கொண்டு வர அவரால் ஆகாது. போவதா வேண்டாமா என்று வீட்டில் மாதக்கணக்கில் பேச்சு.

அந்தச் சமயத்தில்தான் நம் யூனிட் மானேஜர் ஒரு திட்டம் போட்டார். பெயர் வேண்டாம். மாட்டுங்காவில் பிறந்து வளர்ந்த பாலக்காட்டு ஐயர் குடும்பம், சின்ன வயசு, நல்ல மனுஷர். சாலில் போய் அந்தக் கரி படிந்த துணியைக் கையில் தொட்டுப் பார்த்த மானேஜர் அவர் ஒருத்தர்தான். மூன்று வருஷத்தில் ரெண்டாம் யூனிட்டை மூடுவது, ஃபர்னஸ் ஆயில் உற்பத்தியைக் குறைப்பது, சுற்றுச்சூழலுக்கு நம் பங்கு இது என்று எல்லோருக்கும் தெரிய அறிவிப்பது. இங்கே இருந்த டைரக்டர்கள் கூடிப் பாஸ் செய்துவிட்டார்கள். பேப்பரில் வந்தது. கேன்டீனில் அன்றைக்கு எல்லோருக்கும் ஜிலேபி.

சால்காரர்களைக் கூட்டி விஷயத்தைச் சொல்ல முனிசிபல் ஸ்கூல் ஹாலில் ஏற்பாடு. மராத்தியில் ஷிண்டே, இந்தியில் எச்.ஆர். அம்மா, தமிழில் நான். அறிவிப்பைத் தமிழில் அச்சடித்தே கொடுத்தார்கள். ஒரு பக்கம். நான் வீட்டில் அதை எத்தனை தடவை வாசித்துப் பார்த்திருப்பேன் என்று நினைக்கிறீர்கள்? மைக் முன்னால் திக்கக் கூடாதே என்று என் வீட்டுக்காரி தூங்கிப்போகும் வரைக்கும் வாசித்தேன்.

அந்தப் பக்கத்தின் அடியில் ஒரு வரி இருந்தது. 'இத்திட்டம் தாய் நிறுவனத்தின் முதலீட்டுக் குழுவின் ஒப்புதலுக்கு உட்பட்டது.'

பர்மிட் தாளை உங்களுக்கு இந்நேரம் காட்டியிருப்பார்கள். ஒவ்வொரு வேலைக்கும் ஒரு பர்மிட், அதன் அடியில் ஒரு வரி, 'கம்பெனி விதிகளுக்கு உட்பட்டது' என்று. எல்லாப் பர்மிட்டிலும் அதே வரிதான். வால்வு நம்பரைப் பத்து தடவை பார்ப்போம், அந்த வரியை ஒருநாளும் பார்க்க மாட்டோம். முப்பது வருஷப் பழக்கம், என் கண் தானாகவே அதற்கு முன்னாலேயே நின்றுவிடும். ஹாலிலும் நின்றுவிட்டது. தேதியை நிறுத்தி நிதானமாக வாசித்தேன். அடி வரியை வாசிக்கவில்லை. மறைக்க வேண்டும் என்று இல்லை. அது வாசிக்கிற வரி என்றே எனக்குத் தோன்றவில்லை. ஷிண்டேயும் வாசிக்கவில்லை. எச்.ஆர். அம்மா வாசித்தார், ஆனால் அதற்குள் மைக் இரைய ஆரம்பித்துவிட்டது.

நான் வாசித்து முடித்ததும் ஆயிஷா எழுந்தாள். தலை முக்காட்டை இழுத்துவிட்டுக்கொண்டு, ஹால் முழுக்கக் கேட்கிற மாதிரிக் கேட்டாள்:

"அண்ணாச்சி, பேப்பர்ல இருக்கறத விடுங்க. பேப்பர்ல எம்புட்டோ எழுதுவாக. நீங்க அங்கனயே கெடக்கிற ஆளு. நீங்க சொல்லுங்க. மூடிருவாகளா?"

நான் மானேஜரைப் பார்த்தேன். அவர் முதல் வரிசையில் உட்கார்ந்திருந்தார். தலையை ஆட்டினார். அவர் மனசறிந்துதான் ஆட்டினார், அதில் எனக்கு இன்றைக்கும் சந்தேகம் இல்லை. என் மண்டைக்குள் என்ன ஓடியது தெரியுமா? பட்டன் இவர் கையில் இருக்கிறது, இவரே அமுக்குகிறேன் என்கிறார், வேறென்ன வேண்டும்? அவ்வளவுதான்.

"மூடிருவாங்க தங்கச்சி" என்றேன்.

கைதட்டினார்கள். யாரோ ஒரு கிழவர், "முந்தியே செஞ்சிருந்தா எங்க வீட்டுச் சொவராச்சும் வெள்ளையா இருந்திருக்கும்" என்றார். எல்லோரும் சிரித்தார்கள். அந்த வாரமே காதர் பாய் மச்சானிடம் தாணே வேண்டாம் என்று சொல்லிவிட்டார். பட்டறைக்குப் போனபோது எனக்கு ஒரு பெல்ட் கொடுத்தார். "மூணு வருஷம்தான, பல்லக் கடிச்சிட்டு இருந்துருவோம். ஒங்க புண்ணியம்" என்றார்.

ஒரு வருஷம் வேலை நடந்தது. எந்தக் குழாயை எப்போது கழற்றுவது என்று பெயின்டால் நம்பர் போட்டோம். அப்புறம் அங்கே, மாமியார் வீட்டில், தலைவர் மாறினார். எண்ணெய்க்கு நல்ல காலம் வேறு. ஒருநாள் காலை மீட்டிங்கில் மானேஜர் மெயிலைத் திறந்தார், வாயை மூடிக்கொண்டு வாசித்தார், பிறகுதான் எங்களுக்கு வாசித்தார். சின்ன மெயில். ஓடுகிற யூனிட் எதையும் ஆயுள் முடிவதற்கு முன்னால் மூடக் கூடாது. சுற்றுச்சூழல் இலக்குகளைத் தலைமை மட்டுமே அறிவிக்கும், கிளைக் கம்பெனிகள் தனியாக அறிவிக்கக் கூடாது, அறிவித்ததைத் திரும்பப் பெற வேண்டும். ரெண்டாம் யூனிட்டின் உற்பத்தியை அடுத்த காலாண்டிலிருந்து கூட்ட வேண்டும்.

ஷிண்டே டீ கிளாஸை மேஜையில் வைத்தான்.

மீட்டிங் முடிந்து மானேஜர் சைக்கிள் ஸ்டாண்ட் பக்கம் தனியாக நின்றுகொண்டிருந்தார். நான் போனேன்.

"சார், பட்டன் நம்ம கையிலதான சார் இருக்கு?"

அவருக்கு முதலில் புரியவில்லை. பிறகு ஒரு மாதிரி சிரித்தார். "ஒரு நாள் நிறுத்தலாம் துரை. ரெண்டாம் நாள் ஏன்னு கேப்பா. மூணாம் நாள் என்னை நிறுத்திட்டு, யூனிட்டை ஓட்ட வேற ஆள் அனுப்புவா."

"பேசிப் பாத்தீங்களா சார்?"

"போன வாரம் வீடியோல பேசினேன். பன்னண்டு பேர் இருந்தா. நம்ம விஷயம் நாலு நிமிஷம். ஒருத்தர் கேக்கறார், செம்பூர்ங்கிறது துறைமுகத்துக்கு எந்தப் பக்கம்னு. ஒரு அம்மா பாம்பேல மழை எப்படி, எல்லாரும் சௌக்கியமான்னு விசாரிச்சா. ரொம்ப மரியாதையா பேசினா துரை. கத்தினா சண்டை போடலாம். யாரும் கத்தலை."

"அவங்களுக்கு மேல யாரு சார்?"

"பங்கு வச்சிருக்கிறவா. அவா யாருன்னு கேட்டா பென்ஷன் ஃபண்ட், இன்ஷூரன்ஸ்ங்கிறா. அவாகிட்ட கேட்டா, எங்களுக்கு உற்பத்தியில தலையிட அதிகாரம் இல்லைங்கிறா. இங்க கவர்மென்ட்டைக் கேட்டா, கம்பெனி முடிவுங்கிறா." அப்புறம், "எனக்கு இங்க என்ன அதிகாரம் தெரியுமா? டீ மெஷினை மாத்தலாம். அதுவும் சின்ன மெஷினா இருந்தா" என்றார்.

அடுத்த மாதம் அவரை வேறு ஊருக்கு மாற்றினார்கள். பதவி உயர்வோடு.

இதுவரைக்கும் நடந்ததில் என் தப்பு தெரியாமல் செய்தது. இனி வருவது அப்படி இல்லை.

மெயில் வந்த அன்றைக்கே எச்.ஆர். அம்மா எங்களைக் கூப்பிட்டார். வெளியில் யாருக்கும் ஒன்றும் சொல்லக் கூடாது, எப்படிச் சொல்வது என்று தலைமையிலிருந்து வாசகம் வரும், அதுவரை யாராவது கேட்டால் 'திட்டம் பரிசீலனையில் உள்ளது' என்று சொல்ல வேண்டும். மீறினால் நடவடிக்கை. எனக்கு ரிட்டயர் ஆக மூன்று மாதம் இருந்தது. வீட்டுக்கு வந்து கேஸ் குமிழை எத்தனை தடவை தொட்டேன் என்று எனக்கே தெரியாது.

மூன்றாம் நாள், புதன்கிழமை. பட்டறையைத் தாண்டித்தான் எங்கள் தெருவுக்குள் போக வேண்டும். சுற்றிப் போகலாம் என்று திரும்பினேன். காதர் பாய் பார்த்துவிட்டார்.

"அண்ணாச்சி! ஒங்களத்தான் நெனச்சேன், ஆயுசு நூறு. ஒக்காருங்க." தோல் துண்டுகளை ஒதுக்கி இடம் போட்டார். "மச்சான் போன் போட்டான். வடாலாவுல ஒருத்தரு ரூம் மாத்திக்கிடறேன்னு அவன்ட்ட கேக்காராம். வெள்ளிக்கெழமைக்குள்ள சொல்லணுமாம். எனக்குத் தரதா இருந்தா இதுதான் கடைசிங்கான். ஆயிஷா போயிருவோம்ங்கா. நான்தான், இன்னும் ரெண்டே வருஷம், அண்ணாச்சி கம்பெனி மூடுற நேரத்துல நாம எதுக்கு ஓடணும்னு சொன்னேன். என்ன சொல்லுதீக? வேண்டாம்னு சொல்லிரவா?"

வெயில் நேரம். தையல் மெஷினில் பாதி தைத்த பெல்ட் தொங்கிக்கொண்டிருந்தது. நான் அதையே பார்த்துக்கொண்டிருந்தேன். வாயைத் திறந்து 'மூட மாட்டாங்க பாய்' என்று மூன்று வார்த்தை. குழாய் கொஞ்சம் சிவந்ததற்கே யூனிட்டை நிறுத்தினவன் நான். இங்கே குழாய் வெடித்தே விட்டது, எனக்குத் தெரியும், என் எதிரில் உட்கார்ந்திருப்பவருக்குத் தெரியாது. என்னிடம் மட்டும்தான் கேட்கிறார்.

"யோசிச்சு செய்ங்க பாய்" என்றேன்.

அவ்வளவுதான் சொன்னேன். நீங்கள் யாரும் இதைத் தப்பு என்று சொல்ல மாட்டீர்கள். பொய் இல்லை. எச்.ஆர். கொடுத்த வாசகமும் இல்லை. எல்லோரும் எல்லோரிடமும் சொல்வதுதான். காதர் பாய் என் முகத்தைப் பார்த்தார், சிரித்தார். "யோசிக்க என்ன இருக்கு? நீங்க அன்னைக்கே சொல்லிட்டீகளே" என்று மெஷினை மிதிக்க ஆரம்பித்தார். வெள்ளிக்கிழமை தாணே ரூம் வடாலாக்காரருக்குப் போய்விட்டது.

தலைமையின் வாசகம் பதினோரு நாள் கழித்து வந்தது. சுவரில் ஒட்டினார்கள். இந்தத் தடவை வாசித்துக் காட்ட யாரையும் கூப்பிடவில்லை.

அன்றைக்குச் சாயந்திரம் நான் காதர் பாய் வீட்டுக்குப் போனேன். அவர் இன்னும் வரவில்லை. பிள்ளை கட்டிலில் சாய்ந்து ஹோம்வொர்க் எழுதிக்கொண்டிருந்தது. ஆயிஷா எனக்கு நாற்காலியைப் போட்டுவிட்டு நின்றபடியே கேட்டாள்.

"சொவத்துல ஒட்டிருக்காகளாமே. பக்கத்து வீட்டுப் பய வாசிச்சான்."

"ஆமா தங்கச்சி."

"ஒங்களுக்கு எப்பத் தெரியும்?"

நான் அடி வரியைப் பற்றி ஆரம்பித்தேன். பர்மிட்டில் எப்போதும் அப்படி ஒரு வரி உண்டு, வெளிநாட்டில் தலைவர் மாறிவிட்டார், நம் மானேஜர் நல்லவர்தான், பன்னிரண்டு பேர், நாலு நிமிஷம் என்று என்னென்னவோ சொன்னேன்.

"அதெல்லாம் எனக்கு எதுக்கு அண்ணாச்சி? நான் கேக்கறது ஒண்ணே ஒண்ணு. அந்தப் புதங்கெழம இவுக ஒங்கள்ட்ட கேட்டாகளே. அன்னைக்கு ஒங்களுக்குத் தெரியுமா, தெரியாதா?"

"தெரியும்."

அவள் கத்தவில்லை. கட்டிலுக்குப் போய்ப் பிள்ளையின் நோட்டை எடுத்து மூடி வைத்தாள். "வேலைய விட்டுத் தூக்கிருவாகன்னு பயந்தீகளாக்கும்" என்றாள். பிறகு, "நாங்க யாரப் பாத்துப் பயப்படுறதுன்னு கூட எங்களுக்குத் தெரியலியே" என்றாள். மானேஜர் எனக்கு ஊரெல்லாம் சுற்றிச் சொன்னதை அவள் நின்ற இடத்திலிருந்தே சொல்லிவிட்டாள்.

அந்தக் குளிர்காலத்தில் யூனிட் முழு அளவில் ஓடியது. நானே ஓட்டினேன், கடைசி நாள் வரைக்கும். நஸீமாவை இரண்டு தடவை ஆஸ்பத்திரியில் சேர்த்தார்கள். இரண்டாம் தடவை டாக்டர், மருந்தெல்லாம் கொடுத்துவிட்டேன், இனிமேல் காற்றைத்தான் மாற்ற வேண்டும் என்றார். அதற்குள் வேறு இடத்தில் ரூம் பார்க்க அவர்களால் முடியவில்லை. எங்கே முடியும், உங்களுக்கே தெரியும். பிள்ளையைக் கடையநல்லூரில் ஆயிஷாவின் அக்கா வீட்டுக்கு அனுப்பினார்கள். தாயும் தகப்பனும் இங்கே, பதினோரு வயசுப் பிள்ளை அங்கே. பாம்பேயில் பிறந்து இந்தியில் விளையாடிய பிள்ளை, தமிழில் பெயர் எழுதக்கூடத் தெரியாது. அங்கே ஸ்கூலில் ரெண்டு வகுப்பு கீழே உட்காரவைத்தார்கள். சின்னப் பிள்ளைகளோடு உட்கார்ந்து அ, ஆ எழுதுகிறதாம். மூச்சு நன்றாக இருக்கிறது. அதை நான் சொல்லியாக வேண்டும்.

உங்களுக்கு நான் சொல்வது இதுதான். உங்களிடமும் ஒருநாள் ஒரு தாளைக் கொடுத்து, உங்கள் ஆட்களுக்கு உங்கள் பாஷையில் வாசித்துக் காட்டச் சொல்வார்கள். ஆபரேட்டர் என்றால் ஜனங்கள் நம்புவார்கள், அதற்காகத்தான் உங்களைக் கூப்பிடுவது. வாசிப்பதற்கு முன்னால் கேளுங்கள்: இதை ரத்து செய்யக்கூடியவர் இந்தக் கட்டடத்தில் இருக்கிறாரா? இல்லையென்றால், அதை முதல் வரியாகச் சொல்லிவிட்டு அப்புறம் தேதியை வாசியுங்கள். யாராவது எழுந்து, 'நீ சொல்லு' என்றால், 'எனக்குத் தெரியாது, முடிவு பண்றவங்க இங்க இல்ல' என்று சொல்லுங்கள். அவமானமாகத்தான் இருக்கும். சொல்லுங்கள். தெரிந்துவிட்டால் அன்றைக்கே சொல்லுங்கள், பதினோரு நாள் காத்திருக்காதீர்கள்.

இப்படிச் செய்தால் யூனிட் மூடிவிடும் என்று நான் சொல்லவில்லை. மூடாது. அது நம் கைக்கு எட்டாத இடத்தில் இருக்கிறது, எங்கே என்று எனக்குத் தெரியவில்லை, ரிட்டயர் ஆனதிலிருந்து யோசித்துப் பார்த்துவிட்டேன். ஆனால் ஒரு வீட்டுக்காரர்கள் தாணேக்குப் போயிருப்பார்கள். அவ்வளவுதான் நம்மால் ஆகக்கூடியது. அதையும் நான் செய்யவில்லை.

போன ஞாயிற்றுக்கிழமை காதர் பாய் பட்டறையில் உட்கார்ந்திருந்தேன். அவர் இன்னும் என்னை உட்காரச் சொல்கிறார், டீ வாங்கித் தருகிறார். முன்னே மாதிரிப் பேச்சு இல்லை. ஊரிலிருந்து நஸீமா வீடியோவில் வந்தாள். கொஞ்சம் உயரமாகியிருக்கிறாள். வாப்பாவிடம் பேசிவிட்டு, பின்னால் நான் இருப்பதைப் பார்த்து, "துரை மாமா!" என்றாள். காதர் பாய் போனை என் கையில் கொடுத்துவிட்டு மெஷின் பக்கம் திரும்பிக்கொண்டார்.

"மாமா, அந்த யூனிட் பந்த் ஆயிடுச்சா?"

"இல்லம்மா."

"எப்ப ஆகும்?"

"தெரியாதும்மா."

"நீங்கதான அதை ஓட்டுனீங்க?"

"நான்தான்."

அவளுக்குப் பின்னால் யாரோ கோழியை விரட்டிக்கொண்டிருந்தார்கள்.

"அப்ப நான் யார்ட்ட கேக்கணும்?"

கேட்டுச் சொல்கிறேன் என்று வாய் வரைக்கும் வந்துவிட்டது. சொல்லவில்லை.